கோபுரம் விழித்திருக்க எவ்வளவு நிலக்கரி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தென்மேற்கே, சாட்ஸ்வர்த்தில், எங்கள் தெரு முடியும் மேட்டில் ஒரு செல்பேசிக் கோபுரம் நிற்கிறது. 2023ஆம் ஆண்டின் குளிர்கால இரவுகளில், பகுதி பகுதியாக முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெட்டிங் நேரம் வந்து வீடுகள் இருண்டதும், சற்று நேரத்தில் அந்த மேட்டிலிருந்து ஜெனரேட்டரின் உறுமல் எழும். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் டீசல் புகை கீழ்வரிசை வீடுகளின் சமையலறைச் சன்னல்கள் வரை வரும். வேலிக்கு இப்பால் நின்று பார்த்தாலே உள்ளே இருப்பவை தெரியும்: ரேடியோ கருவிகள் இருக்கும் சாம்பல் நிற இரும்புப் பெட்டி, அதன் பக்கவாட்டில் இடைவிடாமல் சுழலும் ஏசி விசிறி, திருடர்களுக்குப் பயந்து நாற்புறமும் கான்கிரீட் கொட்டி இறுக்கிய பேட்டரி அறை, ஜெனரேட்டரின் அடியில் மழைக்கும் கரையாத எண்ணெய்க் கறை. ஒரு பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால்வாசி இத்தகைய வேலிகளுக்குள்ளேயே போகிறது. அதன் மாசைத் தேடித்தான் வெகுதூரம் போக வேண்டும்.

இந்தத் தொழிலுக்குப் புகைபோக்கி கிடையாது. சர்க்கரை ஆலையையோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையோ போல அது எதையும் கண்முன்னே எரிப்பதில்லை என்பதால், அதன் பாதிப்பைப் பற்றி நம் மக்களிடையே பேச்சு எழுவதும் குறைவு. டர்பனின் ஆலைகளுக்கு அருகிலுள்ள மெர்பேங்கில் வளர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் காற்று மாசு என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்குள்ள செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் நடந்த ஆய்வு, பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா இருப்பதைக் கண்டது. அந்த மாசுக்கு ஒரு முகவரி இருந்தது. போய் நின்று கேள்வி கேட்க ஒரு வாசல் இருந்தது. செல்பேசி நிறுவனத்தின் மாசோ ஆயிரக்கணக்கான சிறு வேலிகளுக்குள் சிதறிக் கிடக்கிறது. அதிலும் பெரும்பங்கு, நாம் போய்ப் பார்க்காத ம்புமலங்கா மாகாணத்தின் அனல்மின் நிலையங்களில் வெளியாகிறது. சிதறிக் கிடக்கும் ஒன்றை யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் இந்தத் துறையின் சுற்றுச்சூழல் மேலாண்மையில் உண்மையான சிக்கல். நிறுவனங்களின் அறிக்கைகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது அந்த எல்லைக்கோட்டைத்தான்.

செல்பேசி நிறுவனம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கோபுரங்களுக்கும் அவற்றின் ரேடியோ கருவிகளுக்கும் போகிறது. தரவு மையம், அலுவலகம், கடை, வாகனம் எல்லாம் சேர்ந்து மீதிதான். கோபுரத்துக்கு வரும் மின்சாரத்தை ரெக்டிஃபையர் 48 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. அதில் ஒரு பகுதி பேட்டரியை நிரப்பி வைக்கிறது. மீதி ரேடியோவுக்குப் போகிறது. ரேடியோவுக்குள் அலையைப் பெருக்கும் பகுதி, பெற்ற மின்சாரத்தில் கணிசமான அளவை வெப்பமாகவே இழக்கிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏசி, அந்த ஏசிக்கு மறுபடியும் மின்சாரம். நள்ளிரவில் யாருமே பேசாத நேரத்திலும், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று கோபுரம் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் இந்தச் செலவு முற்றாக நிற்பதில்லை.

சராசரியாக 3 கிலோவாட் இழுக்கும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 72 யூனிட், ஓர் ஆண்டுக்கு 26,280 யூனிட் ஆகிறது. அரசு மின் நிறுவனமான எஸ்காமின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு என்பதே இந்நாட்டின் கணக்கு. ஆக, எங்கள் மேட்டிலுள்ள கோபுரம் அந்த அளவினதாக இருந்தால், அது விழித்திருப்பதற்காக மட்டும் ஆண்டுக்கு 26 டன் வாயு எங்கோ வெளியாகிறது. நீர்மின்சாரம் மிகுந்த நாடொன்றில் இதே கருவி, இதே உயரம், இதே பேச்சு, ஆனால் இந்த எண் மிகச் சிறியதாக இருக்கும். தென்னாப்பிரிக்காவில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் எவ்வளவு நல்ல கருவி வாங்கினாலும், அது வாங்கும் மின்சாரத்தின் நிறம் மாறாதவரை கணக்கு பெரிதாக இறங்காது.

லோட் ஷெட்டிங் காலத்தில் ஜெனரேட்டர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள், அது நியாயமும்கூட. 2023இல் முந்நூறுக்கும் மேற்பட்ட நாள்களில் மின்வெட்டு இருந்தது; அந்த ஆண்டு பிப்ரவரி 9 அன்று அரசு தேசியப் பேரிடர் நிலையையே அறிவித்தது. கோபுரத்துப் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். ஆனால் காலியானால் மறுபடி முழுதாக ஏற அதைவிட நீண்ட நேரம் வேண்டும். நாளுக்குப் பல முறை மின்சாரம் நின்ற ‘ஆறாம் நிலை’ வெட்டில் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே அந்த அவகாசம் கிடைக்கவில்லை. எனவே டீசல் ஊற்ற வேண்டியதாயிற்று. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வருகிறது. சிறிய ஜெனரேட்டர் அதிலிருந்து மூன்று யூனிட் அளவுக்கு மின்சாரம் தரும். அதாவது யூனிட்டுக்கு 0.9 கிலோ. எஸ்காமின் நிலக்கரி மின்சாரத்துக்கும் இதற்கும் புவி வெப்பமடைதல் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு இருப்பது புகை யார் மூக்கில் ஏறுகிறது என்பதிலும், எந்தக் கணக்கேட்டில் பதிவாகிறது என்பதிலும்தான்.

அந்தக் கணக்கேட்டுக்கு உலகம் முழுதும் பின்பற்றப்படும் ஒரு முறை இருக்கிறது. ‘ஸ்கோப்’ என்று துறையில் சொல்லப்படும் மூன்று பிரிவுகள் அதில் உண்டு. நிறுவனமே எரிக்கும் டீசல், அதன் ஏசிகளிலிருந்து கசியும் வாயு ஆகியவை முதல் பிரிவு. விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாவது. மற்றவர்கள் நிறுவனத்துக்காகச் செய்வதும், நிறுவனம் விற்றவற்றால் பின்னர் நேர்வதும் மூன்றாவது: கருவித் தயாரிப்பு, கப்பல் போக்குவரத்து, நம் கையிலுள்ள கைப்பேசி, வாடகைக் கோபுரம் எல்லாமே அதில் அடங்கும். 2022இல் எம்டிஎன் என்ற செல்பேசி நிறுவனம் தென்னாப்பிரிக்காவிலுள்ள தன் கோபுரங்களில் ஏறத்தாழ 5,700ஐ ஐஎச்எஸ் என்ற கோபுர நிறுவனத்துக்கு விற்று, அவற்றையே வாடகைக்கு எடுத்துக்கொண்டது. உலகெங்கும் நடக்கும் வழக்கமான வணிக ஏற்பாடுதான் அது. கடனைக் குறைக்கவும் முதலீட்டை வேறிடத்தில் போடவும் பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. ஆனால் இத்தகைய விற்பனைக்குப் பிறகு மேட்டிலுள்ள ஜெனரேட்டர் அதே இடத்தில் அதே டீசலைக் குடித்துக்கொண்டிருக்க, அதன் புகை ஒரு நிறுவனத்தின் முதல் பிரிவிலிருந்து விலகி, அதன் மூன்றாம் பிரிவுக்கோ இன்னொரு நிறுவனத்தின் முதல் பிரிவுக்கோ மாறிவிடக்கூடும். மூன்றையும் சேர்த்துப் பார்க்காதவருக்கு அது குறைப்பு போலவே தோன்றும். எம்டிஎன் 2021இல் அறிவித்த ‘புராஜெக்ட் ஜீரோ’ திட்டம் 2040க்குள் நிகரப் பூஜ்யம் (வெளியேற்றும் வாயுவும் நீக்கும் வாயுவும் சமமாகும் நிலை) என்றும், 2030க்குள் மூன்று பிரிவுகளிலும் சராசரியாக 47 சதவீதக் குறைப்பு என்றும் இலக்கு வைத்தது. மூன்றாம் பிரிவையும் இலக்குக்குள் கொண்டுவந்தது அதில் நான் மதிக்கும் அம்சம்.

முதல் பிரிவு எண்ணைப் படிக்கும்போது இன்னோர் எச்சரிக்கையும் தேவை. 2024 மார்ச் 26க்குப் பிறகு பத்து மாதங்களுக்கும் மேலாக நாட்டில் லோட் ஷெட்டிங் இல்லை. அந்தக் காலத்தில் எந்த நிறுவனத்தின் டீசல் செலவும் தானாகவே இறங்கியிருக்கும். அது எஸ்காமின் பழுதுபார்ப்புப் பணியின் பலன். அதை நிறுவனம் தன் முயற்சியின் பலனாக எழுதியிருந்தால், அதே வாயுக் கணக்கு இரண்டாம் பிரிவில் ஏறியிருக்கிறதா என்று அடுத்த வரியைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் பிரிவில் ஒரே மின்சாரத்துக்கு இரண்டு எண்கள் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2015இல் வந்த வழிகாட்டுதலின்படி, நிறுவனம் இருக்கும் இடத்தின் மின்கட்டமைப்பு எவ்வளவு மாசானதோ அதைக் கொண்டு ஓர் எண்ணும், நிறுவனம் ஒப்பந்தம் மூலமோ சான்றிதழ் மூலமோ வாங்கியிருக்கும் மின்சாரத்தைக் கொண்டு இன்னோர் எண்ணும் தர வேண்டும். எங்கோ ஒரு காற்றாலை உற்பத்தி செய்ததற்கான சான்றிதழை வாங்கினால் இரண்டாவது எண் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். முதலாவது எண் அசையாது. சான்றிதழ் வாங்குவது தவறில்லை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலையின் சான்றிதழுக்கும், இந்த நிறுவனம் வாங்குவதாக உறுதி தந்ததால்தான் கட்டப்பட்ட புதிய சூரிய மின்நிலையத்துக்கும் உள்ள தூரம் மிக அதிகம். என் மதிப்பில் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

புதிய சூரிய மின்சாரத்தை வாங்குவதில் இந்நாட்டில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. சுரங்கமோ எஃகு ஆலையோ ஒரே இடத்தில் பெருமளவு மின்சாரம் வாங்குவதால், தனியார் உற்பத்தியாளரிடமிருந்து எஸ்காமின் கம்பிகள் வழியே மின்சாரம் கடத்தித் தரும் ‘வீலிங்’ முறை அதற்கு எளிதில் பொருந்தியது. செல்பேசி நிறுவனத்தின் இணைப்புகளோ ஆயிரக்கணக்கானவை. ஒவ்வொன்றும் வீட்டு இணைப்பைப் போல் சிறியது. சில எஸ்காமிடமிருந்தும், சில டர்பனின் எதெக்வினி போன்ற நகராட்சிகளிடமிருந்தும் மின்சாரம் பெறுபவை. ஒவ்வொரு நகராட்சியுடனும் தனி ஒப்பந்தம் போடுவது நடக்கிற காரியமா? 2023இல் வோடகாம் என்ற செல்பேசி நிறுவனமும் எஸ்காமும் சேர்ந்து வகுத்த ‘மெய்நிகர் வீலிங்’ முறை இதற்குத் தந்த விடை எளிமையானது. எல்லா இணைப்புகளும் வழக்கம்போல் கட்டணம் கட்டும். தனியார் நிலையம் மின்கட்டமைப்பில் செலுத்திய அளவோடு அந்தத் தளங்களின் செலவை மென்பொருள் ஒப்பிட்டுப் பார்த்து, உரிய தொகையை எஸ்காம் திருப்பித் தரும். கோபுரத்தில் ஓர் ஆணியைக்கூட மாற்றாமல், எங்கள் மேட்டில் ஓடும் மின்சாரத்தின் கணக்கு மாறிவிடும். கடைகள், வங்கிக் கிளைகள் என்று சிதறிய இணைப்புகள் உள்ள எவருக்கும் இது பயன்படும் என்பதால், இத்துறை இந்நாட்டுக்குத் தந்த பயனுள்ள சுற்றுச்சூழல் பங்களிப்புகளில் ஒன்றாக இதையே சொல்வேன். ஒப்பிட்டுப் பார்த்தால், தலைமையகக் கட்டடங்களின் பெருமை சிறியது. ஜோகன்னஸ்பர்க் ஃபேர்லேண்டில் எம்டிஎன் 2010இல் நிறுவிய 2 மெகாவாட் எரிவாயு நிலையமும், 2014இல் அங்கே கூரையில் கண்ணாடிகளை வரிசையாக வைத்துச் சூரிய வெப்பத்தால் குளிரூட்டும் ஏற்பாடும், மிட்ராண்டில் வோடகாம் கட்டிய ஆறு நட்சத்திரப் பசுமைக் கட்டடமும் நல்ல முன்மாதிரிகள். ஆனால் ஆற்றல் செலவாவது கோபுரங்களில்.

கோபுரத்தின் உள்ளேயும் செய்யக்கூடியவை நிறைய. இரவில் பேச்சு குறையும்போது சில அலைவரிசைகளை மென்பொருளே உறங்க வைக்கும். பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டிய வெப்பநிலையைச் சில டிகிரி உயர்த்தி அனுமதித்தால் ஏசி ஓடும் நேரம் குறையும். வெளிக்காற்றையே தாங்கும் கருவியானால் ஏசியே வேண்டியதில்லை. 5ஜி கருவி ஒரு ஜிகாபைட்டை அனுப்ப 4ஜியைவிடக் குறைவான ஆற்றலே எடுக்கும். இங்குதான் அறிக்கைகளில் ஒரு சொல் மாறுகிறது: ‘ஒரு ஜிகாபைட்டுக்கு இத்தனை சதவீதம் குறைத்தோம்’ என்று எழுதுவார்கள். நாம் பார்க்கும் வீடியோ இரட்டிப்பானால், ஜிகாபைட்டுக்கான செலவு கால்வாசி குறைந்தும் மொத்தச் செலவு ஒன்றரை மடங்காகிவிடும். வளிமண்டலத்துக்கு விகிதம் தெரியாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2020இல் இத்துறைக்கு வகுத்த பாதை, 2030க்குள் மொத்த வாயு வெளியேற்றத்தில் 45 சதவீதக் குறைப்பைக் கோருகிறது. அதில் சொல்வது மொத்தத்தைத்தான்.

ஏசியைப் பற்றிச் சொன்னேன். அதற்குள் ஓடும் வாயுவும் கணக்கில் உண்டு. ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் வாயு ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன்னுக்கும் மேலான கரியமில வாயுவுக்குச் சமம். கருவி அறைகளில் தீயணைக்க வைத்திருக்கும் எஃப்எம்-200 வாயு மூவாயிரம் மடங்குக்கும் மேல். இவற்றைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலித் திருத்தத்தை தென்னாப்பிரிக்கா 2019இல் ஏற்றது. ஒரு பழைய ஏசியில் கசிவை அடைத்த மெக்கானிக், பல மாதச் சூரியத்தகடு தந்த பலனை ஒரே மதியத்தில் தந்துவிடலாம். அவர் படம் எந்த அறிக்கையின் அட்டையிலும் வந்து நான் பார்த்ததில்லை.

பேட்டரிக்கு வருகிறேன், ஏனெனில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் கதை தெரிந்த பொருள் அதுதான். முன்பு கோபுரங்களில் ஈய-அமில பேட்டரிகளே இருந்தன. அவற்றைத் திருடி ஈயத்துக்காக உடைப்பவர்கள் பெருகவே, நிறுவனங்கள் பூட்டு போட்டன, எச்சரிக்கை மணி வைத்தன, கடைசியில் கான்கிரீட் கொட்டின. முறையான மறுசுழற்சி ஆலைக்குப் போகும் ஈய பேட்டரி, உலகிலேயே மிக நன்றாக மறுசுழற்சியாகும் பொருள்களில் ஒன்று. திருடுபோனதோ யாரோ ஒருவரின் கொல்லையில் உடைக்கப்படுகிறது. அமிலம் மண்ணில் ஊறுகிறது, ஈயத்தூள் குழந்தைகளின் கையில் ஒட்டுகிறது. நிறுவனத்தின் கழிவுக் கணக்கில் அது ‘பாதுகாப்பு இழப்பு’ என்ற தலைப்பில் பணமாகப் பதிவாகுமே தவிர, மாசாகப் பதிவாவதில்லை. இன்று இடம்பிடித்துவரும் லித்தியம் பேட்டரி விரைவில் ஏறும், நீண்ட காலம் உழைக்கும், ஜெனரேட்டர் ஓடும் நேரத்தைக் குறைக்கும். ஆனால் அதன் ஆயுள் முடிந்தபின் மறுசுழற்சி செய்யும் ஏற்பாடு இந்நாட்டில் ஈயத்துக்கு உள்ளதைப் போல வேரூன்றவில்லை. லோட் ஷெட்டிங் ஆண்டுகளில் வாங்கிக் குவித்த பேட்டரிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் முதுமையடையும். அந்த நாளுக்கான ஒப்பந்தம் இப்போதே கையில் இருக்கிறதா என்பது நிறுவனத்தைக் கேட்க வேண்டிய கேள்வி.

கோபுரம் என்றதும் எங்கள் பகுதிக் கூட்டங்களில் முதலில் எழுவது கதிர்வீச்சு பற்றிய கேள்விதான். அதற்கு ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேச ஆணையத்தின் வரம்புகளே இங்கும் பின்பற்றப்படுகின்றன. அந்த அச்சத்தை அலட்சியமாக ஒதுக்காமல், அளந்து காட்டி விளக்குவது நிறுவனத்தின் கடமை. கோபுரம் எங்கே எழலாம் என்பதற்கும் சட்டம் உண்டு. 1998ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின் கீழ், இயற்கை வளம் மிக்கவை எனக் குறிக்கப்பட்ட பகுதிகளில் புதிய இடத்தில் 15 மீட்டருக்கு மேல் கோபுரம் எழுப்ப முன்கூட்டியே மதிப்பீடும் அனுமதியும் தேவை. காட்சி கெடாமல் இருக்கப் பனைமர வடிவில் கோபுரம் அமைக்கும் வழக்கம் உலகில் முதன்முதலாகத் தொடங்கியது இந்நாட்டில்தான்: 1996இல் கேப் டவுனில், வோடகாமுக்காக. மரமாக வேடமிட்டாலும் அதன் காலடியில் அதே ஏசியும் அதே பேட்டரியும் இருக்கும்.

இவையெல்லாம் நிறுவனத்தின் நல்ல மனத்தால் மட்டும் நடப்பவை அல்ல. 2010 முதல் ஜோகன்னஸ்பர்க் பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்கள் நிதிக் கணக்கோடு சமூக, சுற்றுச்சூழல் கணக்கையும் இணைத்து வெளியிட வேண்டும், இல்லையென்றால் ஏன் இல்லை என்று விளக்க வேண்டும். 2019 ஜூன் 1 முதல் கார்பன் வரி நடைமுறையில் இருக்கிறது. டன்னுக்கு 120 ராண்டில் தொடங்கி 2025இல் 236 ராண்டுக்கு உயர்ந்தது. முதல் கட்டத்தில் பெரும் வரிச் சலுகைகள் தரப்பட்டதால் நிறுவனங்கள் உண்மையில் கட்டியது அதில் சிறு பங்குதான். 2024 ஜூலையில் கையெழுத்தான காலநிலை மாற்றச் சட்டம், பெரிய நிறுவனங்களுக்கு வாயு வரம்பு விதிக்க வழி திறந்திருக்கிறது.

நிறுவனம் சுற்றுச்சூழலுக்குச் செய்வது ஒருபுறமிருக்க, சுற்றுச்சூழல் நிறுவனத்துக்குச் செய்வதை எங்கள் க்வாசுலு-நட்டால் மாகாணம் 2022 ஏப்ரலில் கண்டது. இரண்டே நாள் மழையில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். சாலையோடு மண்ணடியில் இருந்த ஃபைபர் கேபிள்களும் அடித்துச் செல்லப்பட்டன, மின்சாரம் இல்லாமல் கோபுரங்கள் ஒவ்வொன்றாக மௌனமாயின. டோங்காட்டில் இருக்கும் உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க அழைத்து, இணைப்பு கிடைக்காமல் காத்திருந்த வீடுகள் பல. அதனால்தான் காலநிலை ஆபத்தைப் பற்றிய பக்கத்தை அறிக்கையில் நான் தவறாமல் படிக்கிறேன்: மேட்டு நிலத்துக்கு மாற்றிய தளங்கள், இரண்டாவது வழியாக இழுத்த கேபிள், நீண்ட நேரம் தாங்கும் பேட்டரி என்று உறுதியான செயல்கள் அதில் இருக்க வேண்டும்.

மூன்றாம் பிரிவின் மையத்தில் இருப்பது நம் கைப்பேசி. ஒரு திறன்பேசியின் வாழ்நாள் மாசில் பெரும்பகுதி அது தொழிற்சாலையை விட்டு வெளிவருமுன்பே நடந்து முடிந்துவிடுகிறது. நாம் மின்னேற்றம் செய்யச் செலவிடும் மின்சாரம் சிறிது. எனவே ஒரு போனை இரண்டு ஆண்டுக்குப் பதில் நான்கு ஆண்டு வைத்திருப்பதைப் போன்ற குறைப்பு வேறில்லை. ஆனால் 24 மாத ஒப்பந்தம் முடிந்ததும் ‘புதிய போனுக்குத் தகுதி பெற்றுவிட்டீர்கள்’ என்று குறுஞ்செய்தி அனுப்புவதும், சுற்றுச்சூழல் அறிக்கை வெளியிடுவதும் ஒரே நிறுவனம். பழுதுபார்ப்பு, பழையதைத் திரும்பப் பெறுதல், புதுப்பித்து விற்றல் ஆகியவற்றை வருமானமாக மாற்றும் நிறுவனம் மட்டுமே இந்த முரணிலிருந்து வெளியேற முடியும். 2022இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் 22.3 சதவீதம். தென்னாப்பிரிக்காவில் 2021 ஆகஸ்ட் முதல் மின்கழிவைக் குப்பைக் கிடங்கில் புதைக்கத் தடை உள்ளது. அதே ஆண்டு மே முதல், மின்னணுப் பொருளைச் சந்தையில் விடுபவரே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்ற விதி வந்திருக்கிறது.

2ஜி, 3ஜி சேவைகளை நிறுத்துவதற்கு 2027ஆம் ஆண்டின் இறுதியை இலக்காகக் குறித்து, 2024இல் அரசின் கொள்கை வெளியானது. ஆற்றல் கணக்கில் அது சரியான முடிவு: ஒரே கோபுரத்தில் நான்கு தலைமுறைக் கருவிகளை விழிக்க வைத்திருப்பது பெரும் விரயம். என் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், ஒரு பட்டன் போன் இருக்கிறது. எழுத்துகள் தேய்ந்துவிட்டன, எந்தப் பட்டனில் எந்த மகன் என்று அவர் விரலுக்குத் தெரியும். 2ஜி நின்றால் நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் அந்தக் கருவி அன்றே மின்கழிவாகிவிடும்; அவரைப் போன்றவர்களின் போன்கள் எல்லாம் ஒரே காலத்தில் அப்படி ஆகும். அவற்றைத் திரும்பப் பெறும் பெட்டி ஆயா நடந்து போகக்கூடிய தூரத்தில் எந்தக் கடையில் இருக்கும், மாற்றாகத் தரும் போனின் விலையை யார் ஏற்பார்கள், அதன் தயாரிப்பு மாசை யார் தன் மூன்றாம் பிரிவில் எழுதுவார்கள் என்பதை, சேவையை நிறுத்தும் தேதியை அறிவிக்கும் அதே தாளில் நிறுவனங்கள் எழுதித் தர வேண்டும்.